தெரியாத இடத்தில் என்ன எண் போடுவது?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சீர்செய்யப்பட்டது.)



சங்கச் செயலாளர் போனில் பேசியபோது, "ஏதாவது புதுசா, பெரிசா பேசுங்க சார்" என்றார். பெரிய விஷயங்களைப் பேச நம்மிடையே ஆட்கள் இருக்கிறார்கள். நான் பிழைப்புக்காகச் செய்வது மிகச் சின்ன வேலை. அதைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதுகிறவன். ஊரில் இதைச் சொன்னால், "என்ன வண்டி ஓட்டுறீங்க?" என்று கேட்கிறார்கள். கணிப்பொறி படிக்காதவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பிரித்துவிட ஒரு நீர்ப்பாய்ச்சி இருப்பார் அல்லவா? எல்லா வயலுக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் அவனவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையை வெட்டக் கூடாது. நீர்ப்பாய்ச்சிதான் திறப்பார், அடைப்பார். கெர்னல் என்பது அந்த நீர்ப்பாய்ச்சி. மேலே புரோகிராம்கள், கீழே ஹார்டுவேர், நடுவில் இவர். இந்த மடை எவ்வளவு அகலம், அந்தக் கரை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தால்தான் அவரால் வேலை செய்ய முடியும். டிரைவர் என்பது ஒவ்வொரு மடையையும் பற்றி அவருக்குத் தெரிந்த சங்கதி.

அந்தச் சங்கதி பல நேரம் அவருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

சந்தேகமாக இருந்தால், கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு கணிப்பொறியில் 'இந்த இயந்திரத்தைச் செய்தவர் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். பல இயந்திரங்கள் சொல்லும் பதில்: 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' அதாவது, 'இதைத் தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்'. படிவத்தில் 'பெயரை இங்கே எழுதவும்' என்று இருந்த இடத்தில் 'பெயரை இங்கே எழுதவும்' என்றே விட்டு அனுப்பியிருக்கிறார்கள்! உலகம் முழுவதும் விற்றிருக்கிறது. பெயர் இல்லாவிட்டால் குடிமுழுகிப் போகாது. ஆனால் அதே அலட்சியத்தோடு, இந்தச் சில்லு எத்தனை சூடு தாங்கும், இந்தக் கம்பியில் எவ்வளவு வேகம் போகலாம் என்கிற கட்டங்களையும் காலியாக விட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

காகிதப் படிவத்தில் காலி என்றால் காலி. கணிப்பொறியின் நினைவகத்தில் காலி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு அறையிலும் ஏதாவது ஓர் எண் இருந்தே தீரும். நீங்கள் எதுவும் போடாவிட்டால் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருப்பது 0. அந்த 0-வைப் பார்க்கிறவனுக்கு, 'அளந்து பார்த்தேன், சுழியம்' என்பதும், 'அளக்கவே இல்லை' என்பதும் ஒன்றாகத்தான் தெரியும்.

இதற்கு எல்லோரும் பார்த்த உதாரணம் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணிப்பொறி. நம் மாணவர்கள் புராஜெக்ட்டுக்கு வாங்குவார்கள். 2023-ல் வந்த ஐந்தாம் மாடலுக்கு முன்பு அந்தப் பலகைகளில் கடிகாரச் சில்லே கிடையாது. மின்சாரம் போய் வந்தால் மணி என்ன என்று அதற்குத் தெரியாது. தெரியாத கெர்னல் 0-விலிருந்து எண்ண ஆரம்பிக்கும். யூனிக்ஸ் கணக்கில் 0 என்பது 1970 ஜனவரி 1; நம் நேரப்படி காலை ஐந்தரை மணி. உடனே பாதுகாப்பான இணையத் தொடர்புகள் எல்லாம் மறுத்துவிடும். ஏனென்றால் எதிரே உள்ள சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! இதைத் தவிர்க்க, அணைப்பதற்கு முன்பு கடைசியாகப் பார்த்த நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, எழுந்ததும் அதிலிருந்து தொடங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதுவும் தப்பான நேரம்தான். ஆனால் ஐம்பது வருஷத் தப்புக்குப் பதில் ஒரு ராத்திரித் தப்பு. எந்தத் தப்பு குறைவாகக் கெடுக்கும் என்று பார்த்து ஓர் எண்ணை வைப்பது. அதைத்தான் டீஃபால்ட் மதிப்பு என்கிறோம். தமிழில் இயல்பு மதிப்பு என்று எழுதுகிறார்கள். வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. இது கணிப்பொறிக்குள் மட்டும் நடக்கிற கதையில்லை. சுருளிப்பட்டிப் பக்கம் என் சித்தப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் பன்னீர் திராட்சைதான். கிணற்றிலிருந்து மோட்டார் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும். தொட்டியிலிருந்து பந்தலுக்குச் சொட்டு நீர். இரண்டிலும் மட்டம் பார்க்க ஆளுக்கொரு சென்சார். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்த வேண்டும். தொட்டி நிறைந்தாலும் நிறுத்த வேண்டும். மூணு பேஸ் கரண்ட் வந்தால் பெட்டி தானே பார்த்துப் போட்டுக்கொள்ளும். யாரோ செய்து கொடுத்தார்கள், யார் என்பது இங்கே வேண்டாம்.

ஒரு ராத்திரி தொட்டிச் சென்சாரின் ஒயரை எலி கடித்துவிட்டது. பெட்டிக்குச் சேதி வரவில்லை. சேதி இல்லாவிட்டால் 0. தொட்டி மட்டம் 0 என்றால் தொட்டி காலி. காலி என்றால் ஏற்று! விடிய விடிய ஏற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்து, பக்கத்துப் பந்தலுக்குள் புகுந்து நின்றுவிட்டது. பழுக்கிற பருவத்தில் கொடி மிதமிஞ்சித் தண்ணீர் குடித்தால் பழம் வெடிக்கும் என்பது உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிணற்றுச் சென்சார் ஒழுங்காக இருந்ததால், தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் மோட்டார் நின்றது. காயில் தப்பியது.

நான் லீவில் வந்திருந்தேன். பெட்டியைத் திறந்து பார்த்து விளக்கினேன். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, அதுக்குத்தான் தெரியலையே, தெரியலேன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? எதுக்குக் காலின்னு சொல்லுச்சு?" என்றார். கெர்னல் வேலையில் இத்தனை வருஷத்தில் இதைவிடத் தெளிவான விமரிசனத்தை நான் கேட்டதில்லை.

அவர் மேலும் ஒன்று கேட்டார். "சரி, கிணத்து ஒயரைக் கடிச்சிருந்தா?" யோசித்துப் பாருங்கள். கிணற்று மட்டம் 0 என்றால் கிணறு வற்றிவிட்டது. மோட்டார் ஓடாது. அதாவது, அதே 0 மேட்டில் இருந்தால் ஆபத்து, பள்ளத்தில் இருந்தால் பாதுகாப்பு. ஒரே பெட்டி, ஒரே புரோகிராம், ஒரே எண். 'பாதுகாப்பான எண்' என்று தனியாக எதுவும் கிடையாது. அது எங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறது என்பதைப் பொறுத்தது. நான் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டபோது சித்தி உள்ளேயிருந்து, "மோட்டார் பொழைச்சுக்கும், நாலு நாள் தண்ணி இல்லாம கொடி காஞ்சா?" என்றார். பாதுகாப்பு யாருக்கு என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொழிற்சாலைகளில் இந்த எலிப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அங்கே சென்சார் ஒயரில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் போகும். அளவு சுழியம் என்றால் 4; முழு அளவு என்றால் 20. ஏன் 0-வில் தொடங்கவில்லை? ஒயர் அறுந்தால் 0 வரும். 0 என்பது அளவே அல்ல, அது 'ஒயர் அறுந்தது' என்ற சேதி. உயிருள்ள சுழியம் என்று இதற்குப் பெயர். எங்கள் ஆய்வகத்தில் இந்த 4-20 கருவி ஒன்று தூசி படிந்து கிடந்தது. அந்த 4 எதற்கு என்று நாங்களும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

இதே யோசனை கெர்னலுக்குள்ளும் இருக்கிறது. வெப்பநிலை தெரியவில்லை என்றால் லினக்ஸ் என்ன எண் வைக்கிறது தெரியுமா? மைனஸ் 274 டிகிரி செல்சியஸ். இயற்கையில் மைனஸ் 273.15-க்குக் கீழே குளிரவே முடியாது. ஆகவே அது உண்மையான அளவாக இருக்க வாய்ப்பே இல்லை. பார்த்த உடனே 'இது எண் இல்லை, சேதி' என்று தெரிந்துவிடும். அங்கே 25 என்று நல்லபிள்ளை மாதிரி ஓர் எண்ணை வைத்திருந்தால், சில்லு வெந்துகொண்டிருக்கும்போதும் 'சௌக்கியம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நம்பும்படியான பொய்தான் இந்தத் தொழிலில் ஆகக் கெட்டது. மருந்துக்கும் நம்ப முடியாத எண் தேவலை.

ஆனால் எல்லா இடத்திலும் 'தெரியாது' என்று கையை விரிக்க முடியாது. இயந்திரம் ஓடியாக வேண்டும். அங்கே மெதுவான, குறுகலான பக்கம் சாய்வது வழக்கம். பலகைக்குள் சில்லுகள் பேசிக்கொள்ளும் ஐ-ஸ்கொயர்-சி என்ற கம்பிக்கு வேகம் குறிப்பிடாவிட்டால், கெர்னலின் பொதுவான கணக்கு 100 கிலோ ஹெர்ட்ஸ். 400 தாங்கும் கம்பிதான் என்றாலும் 100. செல்போனில் போடும் மெமரி கார்டு யார், எவர் என்று தெரியும்வரை 400 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் பேச்சு இல்லை. அறிமுகம் முடிந்த பிறகுதான் வேகம்.

இன்னொன்று, இது கொஞ்சம் முக்கியம். நெட்வொர்க் கார்டு போன்ற சாதனங்கள் நினைவகத்தில் தாங்களே நேரடியாக எழுதும். எவ்வளவு தொலைவு முகவரிவரை அவற்றுக்கு எட்டும் என்று டிரைவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கெர்னல் 32 பிட், அதாவது 4 ஜிகாபைட் என்று எடுத்துக்கொள்ளும். 64 பிட் எட்டக்கூடிய சாதனத்துக்கு 32 என்று நினைத்தால் என்ன நஷ்டம்? தகவலை நடுவில் ஓரிடத்தில் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும், கொஞ்சம் மெதுவாகும். 32-தான் எட்டும் சாதனத்துக்கு 64 என்று நினைத்துவிட்டால்? முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டு, வேறு யாருடைய இடத்திலோ போய் எழுதிவிடும். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் இயந்திரமாக இருந்தால் யாருடைய கணக்கு என்றே சொல்ல முடியாது. ஒரு பக்கம் சுணக்கம், மறுபக்கம் நாசம். எந்தப் பக்கம் சாய்வது என்று இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வி அமையாது. ஆனால் கவனியுங்கள், 32 எல்லோருக்கும் பாதுகாப்பில்லை. 24 பிட்தான், அதாவது 16 மெகாபைட்தான் எட்டும் பழைய கார்டுகள் இருந்தன. அவற்றுக்கு 32-ம் நாசம்தான். அதனால்தான் டிரைவர் எழுதுகிறவர் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள்.

சில இடங்களில் பயப்படாமல் இருப்பதே நியாயம். ஒரு கணிப்பொறியில் பேட்டரி, அடாப்டர் எதைப் பற்றியும் தகவல் இல்லை என்றால், லினக்ஸ் 'சுவரிலிருந்து கரண்ட் வருகிறது' என்று எடுத்துக்கொள்ளும். பேட்டரியே இல்லாதது பெரும்பாலும் மேசைக் கணிப்பொறியாகத்தான் இருக்கும். அங்கே ஜாக்கிரதை என்ற பெயரில் 'பேட்டரி தீரப்போகிறது' என்று எண்ணிக்கொண்டால், எல்லா மேசையிலும் திரை மங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்.

2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற ஓட்டை வெளியானபோது நேர்மாறாகச் செய்தார்கள். எந்தச் சில்லுக்கு அந்த ஓட்டை இல்லை என்று உறுதியாகத் தெரியுமோ அதற்கு மட்டும் விலக்கு. பட்டியலில் இல்லாத எல்லா எக்ஸ்86 சில்லுக்கும் ஓட்டை இருப்பதாகவே கணக்கு. 'எனக்கு அது இல்லை' என்று சில்லு தானே சொல்ல ஒரு பிட் வைத்தார்கள். அந்தப் பிட் இல்லையா, ஓட்டை உண்டு. இதனால் சில வேலைகளில் இயந்திரம் நன்றாகவே மெதுவானது, பலர் திட்டினார்கள். ஆனால் மாற்றி வைத்திருந்தால், மெதுவாகாமலே கடவுச்சொல் போயிருக்கும்.

டிரைவர் எழுத விரும்பும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு நுணுக்கம் சொல்கிறேன். மற்றவர்கள் இரண்டு நிமிஷம் பேசிக்கொள்ளலாம். பலகையின் விவரங்கள் டிவைஸ் ட்ரீ என்ற பட்டியலில் வரும். அதிலிருந்து ஓர் எண்ணைக் கேட்கும்போது 'கிடைக்கவில்லை' என்ற பதில் ஒரே மாதிரி வராது. அந்தப் பெயரே இல்லை என்றால் ஒரு பிழை எண். பெயர் இருந்து மதிப்பு இல்லை என்றால் வேறு எண். மதிப்பு இருந்தும் அளவு போதவில்லை என்றால் இன்னொன்று. பலர் முதலில் இயல்பு மதிப்பை வைத்துவிட்டு, கேட்டுப் பார்த்து, பதிலைக் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார்கள். பெயரே இல்லாதபோது இது சரி. தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார், தப்பாக எழுதியிருக்கிறார் என்றால் அங்கே இயல்பு மதிப்பைப் போட்டு மூடக் கூடாது; உரக்கச் சொல்லி நிறுத்த வேண்டும். இவற்றோடு 'இன்னும் வரவில்லை, பிறகு வா' என்று ஒரு பதிலும் உண்டு. அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டால் வரவேண்டியது வராமலே போகும். நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய ரயில், 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூன் மாதம் போடிக்கும் வந்தது. நடுவில் கேட்டவர்களுக்கெல்லாம் 'ரயில் இல்லை' என்று சொல்லிவிட்டிருந்தால் தண்டவாளத்தைப் பிடுங்கித் தோட்டத்துக்கு வேலி போட்டிருப்போம்.

மழைக் கணக்கிலும் இந்தச் சங்கடம் உண்டு. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுத வேண்டும். மழை பெய்யவில்லை என்றால் 0. பார்க்கிறவர் வரவில்லை என்றால்? இந்திய வானிலைத் துறை தரும் கட்டவாரி மழைத் தரவில் இல்லாத அளவுக்கு மைனஸ் 999 என்று போடுகிறார்கள். நல்ல பழக்கம், மழை மைனஸாகப் பெய்யாது. இங்கே விவசாயத் தரவை வைத்து புராஜெக்ட் செய்யும் மாணவர்கள், அந்த 999-ஐ 'சுத்தம்' செய்கிறேன் என்று 0 ஆக்கிவிடாதீர்கள். ஆண்டிபட்டியில் மானாவாரிக்காரர் ஒருவருக்கு நீங்கள் வறட்சியை எழுதிக்கொடுத்துவிடுவீர்கள். அல்லது நிஜ வறட்சியில் யாரும் அதை நம்பாமல் போவார்கள்.

சித்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். பாதுகாப்பு யாருக்கு?

இந்த மண்ணில் நின்றுகொண்டு முல்லைப் பெரியாறைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. அணையின் முழு மட்டம் 152 அடி. அணை எவ்வளவு தாங்கும் என்ற சந்தேகம் எழுந்தபோது, 1979-ல் 136 அடிக்குக் குறைத்தார்கள். என் தொழில் பாஷையில் அது ஓர் இயல்பு மதிப்பு. நிச்சயமாகத் தெரியாத நேரத்தில் குறைந்த பக்கம் சாய்ந்தார்கள். அந்த நேரத்தில் அது தப்பென்று நான் சொல்லமாட்டேன். அணைக்குக் கீழே குடியிருப்பவர்களும் மனிதர்கள். பலப்படுத்தும் வேலை முடிந்ததும் உயர்த்துவது என்றுதான் பேச்சு. மேலே கான்கிரீட் தொப்பி போட்டார்கள், இரும்புக் கம்பிகளை இறக்கி நங்கூரம் இட்டார்கள், பின்புறம் கான்கிரீட் அணைப்புக் கொடுத்தார்கள். கேட்ட தகவல் வந்து சேர்ந்தது. எண் நகரவில்லை. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 என்றது, அப்புறமும் வழக்கு, 2014 மே 7-ல் அரசியல் சாசன அமர்வு மறுபடி 142 என்றது, அந்த ஆண்டு நவம்பரில்தான் தண்ணீர் 142-ஐத் தொட்டது. தற்காலிகமாக வைத்த எண் 35 வருஷம் உட்கார்ந்திருந்தது. நம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலமும், அதைத் தாண்டி மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம்வரை கடைமடைக்காரர்களும் அந்த 6 அடிக்கான விலையைக் கொடுத்தார்கள். இதன் அரசியலை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நான் பார்ப்பது தொழில்காரன் கண்ணால்: இயல்பு மதிப்பை வைக்கிறவன், எந்தத் தகவல் வந்தால் அதை எடுப்பேன் என்பதையும் அப்போதே எழுதிவைக்க வேண்டும். கெர்னலிலும் 'இப்போதைக்கு' என்று குறிப்புப் போட்டு வைத்த எண்கள் பல, எழுதியவர் ஓய்வு பெற்ற பிறகும் அசையாமல் இருக்கின்றன. ஏன் வைத்தார்கள் என்று தெரியாததால் தொடவும் எல்லோருக்கும் பயம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். லினக்ஸ் மூலநிரலை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். அதில் 'டாக்குமென்டேஷன்' என்ற அடைவுக்குள் டிவைஸ் ட்ரீ விவரக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு சாதனத்துக்கும் எந்த விவரம் கட்டாயம், எது விருப்பம், விருப்பமானது இல்லாவிட்டால் என்ன மதிப்பு என்று எழுத அங்கே இடம் உண்டு. சில கோப்புகளில் அந்தக் கடைசி வரி இருக்காது. டிரைவரின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் எண் தெரியும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்து, எண்ணையும் அதன் காரணத்தையும் எழுதி அனுப்புங்கள். அதற்கு அமெரிக்கா போக வேண்டாம். வீட்டுத் திண்ணை போதும். முதல் தடவை திருப்பி அனுப்புவார்கள். யாருக்கும் அப்படித்தான். திருத்தி மறுபடி அனுப்புங்கள்.

பையில் ஒரு பலகையும் ஒரு வெப்பச் சென்சாரும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒயரைப் பிடுங்கினால் திரையில் என்ன எண் வருகிறது என்று பார்க்க விருப்பமுள்ள தம்பி தங்கைகள் வரலாம். பிடுங்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்.